கருப்புத் தேன்சிட்டு எங்க போச்சு, மஞ்சளா வந்து நிக்கிறது யாரு?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. மார்ச், ஏப்ரல்ல உங்க செம்பருத்திக்கு கன்னங்கரேல்னு ஒரு குட்டிப் பறவை வந்துக்கிட்டு இருந்திருக்கு, வெயில்ல பாத்தா நீலமும் ஊதாவுமா மின்னியிருக்கு. அப்புறம் ஆளைக் காணோம். இப்ப அக்டோபர்ல அதே செடிக்கு அடிப்பக்கம் மஞ்சளா, தொண்டையிலேருந்து நெஞ்சு வழியா கீழ வரைக்கும் கருப்பா ஒரு கோடு இழுத்த மாதிரி ஒண்ணு வருது, கூடவே கோடு இல்லாத மஞ்சள் குருவிங்க ரெண்டு மூணு வருது, அதையெல்லாம் படமும் எடுத்துப் போட்டிருக்கீங்க. ஒருத்தர் இது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுன்னு சொல்லிட்டாரு, இன்னொருத்தர் குஞ்சுன்னு சொன்னாரு, மூணாவது ஆள் ரெண்டு இனமும் கலந்து பொறந்ததுன்னு அடிச்சு விட்டிருக்காரு. நீங்க எழுதியிருக்கிற கேள்வி என்னமோ "ஊதாத் தேன்சிட்டுக்கும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்கும் என்ன வித்தியாசம்"னுதான் இருக்கு, ஆனா படிச்சுப் பாத்தா உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தக் கருப்புப் பறவை செத்துப்போச்சா, இல்ல இதுதான் அதுவான்னு. கடைசில போற போக்குல கார் கண்ணாடியைக் கொத்துற விஷயத்தையும் கேட்டிருக்கீங்க, அதுக்கும் வரேன்.

நான் விலங்கியல் படிச்சவன், பல வருஷமா பறவைக் கணக்கெடுப்புக்குப் போறவன், மத்தவங்க அனுப்புற படத்தைப் பாத்து பேர் சொல்ற வேலையும் செய்யறேன். அதுல வர்ற சின்னப் பறவைப் படங்கள்ல ரொம்பக் குழப்பமா வர்றது இந்தத் தேன்சிட்டுங்கதான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல நேரா பதில். கோடு போட்ட பறவை ஊதாத் தேன்சிட்டு, ஆண். இதுல எனக்கு சந்தேகம் கிடையாது. ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்க காலத்துலதான் அந்தக் கருநீல மினுமினுப்போட இருக்கும், அந்த சீசன் முடிஞ்சதும் இறகெல்லாம் உதிர்ந்து புது இறகு முளைக்கும்போது பொண்ணு மாதிரி மஞ்சளும் பழுப்புமா மாறிடும், தொண்டைலேருந்து நெஞ்சு நடுவுல ஓடுற அந்தக் கருப்புக் கோடும், இறக்கையோட தோள் பக்கத்துல ஒரு நீல மினுமினுப்பும் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அடுத்த சீசன் நெருங்கும்போது திரும்பவும் இறகு மாத்தி கருப்பாயிடும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு இந்த மாதிரி செய்யவே செய்யாது, அதோட ஆண் வருஷம் பூரா ஒரே உடுப்புதான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பெரிய வித்தியாசம் என்னைக் கேட்டா இதுதான், நிறம்கூட இல்ல. நிறத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்க அக்டோபர், நவம்பர்ல கண்டிப்பா மாட்டிக்குவாங்க.

ஆனா "அதே பறவையா"ன்னு கேட்டா அதுக்கு நானில்ல, யாருமே படத்தைப் பாத்து பதில் சொல்ல முடியாது. உங்க செடிக்கு ஏப்ரல்ல வந்த ஆளும் இப்ப வர்ற ஆளும் ஒரே ஆளா இருக்கலாம், பக்கத்துத் தெரு ஆளா இருக்கலாம். தனித்தனிப் பறவையை அடையாளம் தெரியணும்னா கால்ல வளையம் போட்டிருக்கணும், அது அனுமதி வாங்கி, பயிற்சி எடுத்தவங்க செய்யற வேலை. அதனால இனம் இதுதான்னு உறுதியா சொல்றேன், ஆள் இவர்தான்னு சொல்ல மாட்டேன். செத்துப்போச்சான்னு கவலைப்பட்டீங்கன்னா, காணாமப் போனதை வச்சு அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்ல, அந்தக் காலத்துல கருப்பு ஆண் கண்ணுல படாம போறதுதான் வழக்கம்.

இப்ப ரெண்டு இனத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். அளவுல வித்தியாசம் தேடாதீங்க, ரெண்டுமே அலகு நுனிலேருந்து வால் நுனி வரைக்கும் பத்து சென்டிமீட்டர் சொச்சம்தான், எடை பத்து கிராம் தேறுறதே கஷ்டம். ரெண்டுக்கும் கீழ்ப்பக்கம் வளைஞ்ச மெல்லிய அலகு, ரெண்டும் பூவுல தேன் குடிக்கும், ரெண்டும் பூச்சியும் சிலந்தியும் பிடிக்கும், ரெண்டும் ஒரு எடத்துல அஞ்சு செகண்டு உக்காராது. அலகு வளைவை வச்சு இந்த ரெண்டையும் பிரிக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, கையில பிடிச்சு அளந்து பாத்தா சரி, செடில துள்ளிக்கிட்டு இருக்கிறப்ப அதெல்லாம் வேலைக்காகாது.

ஆண்களை மொதல்ல முடிச்சிடலாம், அது சுலபம். சீசன்ல இருக்கிற ஊதாத் தேன்சிட்டு ஆண் மேலயும் கீழயும் முழுசாவே கருப்பு, வெளிச்சம் சரியா விழுந்தா தலை முதுகெல்லாம் ஊதா நீலம், நெஞ்சுல மெல்லிசா ஒரு அரக்கு நிறப் பட்டை, அது பக்கத்துல இருந்து பாத்தாதான் தெரியும். பொண்ணு முன்னாடி அலட்டும்போது அக்குள்ல மஞ்சளும் செம்மஞ்சளுமா ஒரு கொத்து இறகை விரிச்சுக் காட்டும், அதைப் பாத்தவங்க அப்படியே அசந்து போயிடுவாங்க. ஊதாப்பிட்டு ஆண் ரெண்டு கலர் பறவை. மேல முதுகு அரக்கு, தொண்டை ஊதா, நெஞ்சுல அரக்குப் பட்டை, அதுக்குக் கீழ வயிறு பளிச்சுனு மஞ்சள், விலாப் பக்கம் வெள்ளையா போகும். உச்சந்தலைல பச்சை மினுக்கும், தோள்ல ஒரு சின்னப் பச்சை மினுக்கும் இருக்கும், கண்ணு செவப்பு. பேர்ல இருக்கிற அந்த ஊதா, முதுகு முடிஞ்சு வால் ஆரம்பிக்கிற எடத்துல இருக்கு, இறக்கை மடிச்சிருக்கும்போது மூடிக்கும், அதனால அதைத் தேடிக்கிட்டே இருந்தீங்கன்னா பறவை போயிடும். வயித்தைப் பாருங்க. வயிறு கருப்புன்னா ஊதாத் தேன்சிட்டு, வயிறு மஞ்சளா இருந்து தொண்டை முழுக்க கருப்பா இருந்தா ஊதாப்பிட்டு. எதிர்வெயில்ல நிழலுருவமா தெரிஞ்சாக்கூட இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

இங்க ஒரு விஷயம், இந்த மினுக்கு நிறமெல்லாம் சாயம் மாதிரி இறகுல ஊறினது இல்ல. இறகோட நுண்ணிய இழைகளுக்குள்ள மெலனின் துகள்கள் அடுக்கடுக்கா இருக்கு, அதுல வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நடக்கிற வேலைதான் அந்த நீலமும் பச்சையும். சோப்பு நுரையில தெரியற வானவில் மாதிரின்னு வச்சுக்கங்க. அதனால ஆங்கிள் மாறினா நிறம் மாறும், மேகம் வந்தா வெறும் கருப்பு. "நான் பாத்தது பச்சை, இவர் சொல்றது ஊதா, அப்ப வேற பறவை"ன்னு வர்ற சண்டையில பாதி இதனால வர்றதுதான். மினுக்கு நிறம் எதுன்னு யாராவது அடிச்சு சொன்னா அதை நான் ஒரு ஆதாரமா எடுத்துக்கிறதே இல்ல, எந்த எடத்துல மினுக்கு இருந்துச்சுன்னு கேப்பேன், அது மாறாது.

சரி, உண்மையான தலைவலி மஞ்சள் கூட்டம். உங்க செடிக்கு வர்ற கோடில்லாத மத்த ரெண்டு மூணு பறவைங்க. இதுல பாக்க வேண்டிய எடம் ஒண்ணே ஒண்ணு, தொண்டை. ஊதாப்பிட்டுப் பொண்ணுக்கு தொண்டை வெள்ளை, கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளைன்னு சொல்லலாம், அதுக்குக் கீழ நெஞ்சுல மஞ்சள் தனியா ஆரம்பிக்கும், விலாப் பக்கம் திரும்ப வெளுத்துப்போகும். ஊதாத் தேன்சிட்டுப் பொண்ணுக்கு அந்த எல்லையே கிடையாது, தாடைலேருந்து கீழ வரைக்கும் வெளிர் மஞ்சள் ஒரே ஓட்டமா ஓடும். முதுகு ரெண்டுக்குமே பழுப்பு கலந்த ஆலிவ் நிறம், அதுல நேரத்தை வீணாக்காதீங்க. ஊதாப்பிட்டுப் பொண்ணோட மடிச்ச இறக்கையில லேசா ஒரு செம்பழுப்பு தெரியும், ஊதாத் தேன்சிட்டுப் பொண்ணுக்கு கண்ணுக்கு மேல வெளிறிய புருவமும் கண்ணுக்குப் பின்னால கொஞ்சம் கருத்த ஒரு திட்டும் கொஞ்சம் தெளிவா தெரியும். இதெல்லாம் துணைச் சாட்சிங்க. தொண்டை தெரியாத படத்துக்கு இதை மட்டும் வச்சு நான் பேர் சொல்ல மாட்டேன்.

நீங்க போட்ட ரெண்டாவது படத்துல இருக்கிறது தொண்டை வெள்ளையா தெரியுது, கீழ மஞ்சள் தனியா இருக்கு, அதனால அது ஊதாப்பிட்டுப் பொண்ணு. ஆக உங்க செடிக்கு ரெண்டு இனமும் வருது, அதுல ஆச்சரியமே இல்ல, ஒரே மரத்துல ரெண்டும் சேர்ந்து மேயறது சர்வ சாதாரணம். மூணாவது படத்துல பறவை தலைகீழா தொங்கி பூவுக்குள்ள மூஞ்சை விட்டிருக்கு, முதுகும் வாலும்தான் தெரியுது. அது ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். தேன்சிட்டுன்னு மட்டும் எழுதி வச்சுக்கங்க. இப்படி விடறதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல, கணக்கெடுப்புல பதியற இபேர்டு (eBird) மாதிரி இணையதளங்கள்லகூட இனம் தெரியாத தேன்சிட்டுன்னு போட வழி இருக்கு, வழி இருக்கிறதே இதுக்குத்தான்.

தொண்டையைப் பாருங்கன்னு சொன்னதுலயும் ரெண்டு மூணு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடணும். தேன் குடிக்கும்போது மகரந்தம் நெத்திலயும் தாடைலயும் அப்பிக்கும், அது மஞ்சளா இருந்தா வெள்ளைத் தொண்டை மஞ்சளா தெரியும். மஞ்சள் பூவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா பூவுல பட்டுத் திரும்புற வெளிச்சமே தொண்டைக்கு மஞ்சள் பூசிடும். மொபைல் கேமரா பிரைட்டா ஆக்குறேன்னு வெளிர் மஞ்சளை வெள்ளையாக்கிடும், அதுல வர்ற ஊதாத் தேன்சிட்டுப் பொண்ணு ஊதாப்பிட்டு மாதிரியே இருக்கும். அதனால ஒரு படத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, நாலஞ்சு படம் வேற வேற வெளிச்சத்துல இருந்தா நான் தைரியமா சொல்லுவேன். கூட்டை விட்டு இப்பதான் வெளிய வந்த குஞ்சுங்க விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை, வால் குட்டையா, வாயோரம் வெளிறின சதையோட, இறகு பஞ்சு மாதிரி இருந்தா நிறத்தைப் பாக்காதீங்க, யாரு வந்து ஊட்டறாங்கன்னு காத்திருந்து பாருங்க. அப்பனோ ஆத்தாவோ வரும், பதில் தானா கிடைச்சிடும்.

குஞ்சுன்னு சொன்னவர் முழுசா தப்பில்ல, அதையும் சொல்லணும். ஊதாத் தேன்சிட்டோட இளம் ஆணும் பொண்ணு மாதிரி மஞ்சளாதான் இருக்கும், வளரும்போது தொண்டைல கருப்பு எட்டிப் பாக்கும், அப்ப அதுவும் கோடு போட்ட மாதிரிதான் தெரியும். அப்ப பெரிய ஆணு உடுப்பு மாத்தினதா, சின்னப் பையன் மொதல் தடவை கருக்கிறானான்னு எப்படிப் பிரிக்கிறது? தோளைப் பாக்கணும். இறக்கையோட மேல் பகுதியில நீலக் கருப்பு மினுக்கு இருந்தா அது ஏற்கனவே ஒரு சீசன் பாத்த ஆண். அந்த மினுக்கு இல்லாம இறக்கை பூரா பழுப்பா இருந்தா இளசு. உங்க முதல் படத்துல இடது தோள்ல ஒரு நீலக் கீத்து தெரியற மாதிரி இருக்கு, அதை வச்சு வளர்ந்த ஆண்னு சொல்லத் தோணுது, ஆனா படம் கொஞ்சம் ஆடியிருக்கு, அதனால இது முக்கால்வாசி நம்பிக்கைதான். இனம் விஷயத்துல முழு நம்பிக்கை, வயசு விஷயத்துல முக்கால்.

கலப்புன்னு சொன்னவருக்கு: அந்தப் பேச்சு வேணாம். ரெண்டும் நெக்டாரினிடேங்கற ஒரே குடும்பம்தான், அந்தக் குடும்பத்துல 140க்கு மேல இனங்கள் இருக்கு, ஒரு காலத்துல ரெண்டையும் நெக்டாரினியாங்கற ஒரே பேரினத்துலதான் வச்சிருந்தாங்க. இப்ப ஊதாத் தேன்சிட்டு சின்னிரிஸ், ஊதாப்பிட்டு லெப்டோகோமா, பேரினமே வேற. அதைவிட முக்கியம், கோடு போட்ட மஞ்சள் பறவையை விளக்கறதுக்கு கலப்பு தேவையே இல்ல, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான ஊதாத் தேன்சிட்டு ஆண்கள் செய்யற சாதாரண வேலை அது. சாதாரணமான காரணம் கண்ணு முன்னாடி நிக்கும்போது அபூர்வமானதைத் தேடிப் போகக் கூடாது.

இந்த இறகு மாத்துற நடுக்கட்டம் இருக்கு பாருங்க, அது இன்னும் வேடிக்கையா இருக்கும். பாதி மஞ்சள், பாதி கருப்பு, நெஞ்சுல திட்டுத் திட்டா, தலைல ரெண்டு மினுக்கு இறகு, பாக்க யாரோ மை கொட்டினாப்ல இருக்கும். ஜனவரில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு சமயத்துல இப்படி படங்கள் வரும், "இதுக்கு ஏதோ சொறி வந்திருக்கு, காப்பாத்தணுமா"ன்னு கேப்பாங்க. ஒண்ணும் வேணாம், உடுப்பு மாத்துறார், விட்டுடுங்க. எல்லா ஆணும் ஒரே நாள்ல மாத்தாது, அதனால ஒரே தோட்டத்துல முழுக் கருப்பு ஒண்ணு, கோடு மட்டும் போட்டது ஒண்ணு, திட்டுத் திட்டா ஒண்ணுன்னு மூணும் ஒரே வாரத்துல பாக்கலாம், மூணு இனம்னு நினைச்சுக்கிட்டு வர்றவங்க உண்டு. எந்த மாசத்துல மாத்தும்னு கேட்டா, இனப்பெருக்கம் எடத்துக்கு எடம் மாறுறதால இறகு மாத்துறதும் மாறும். வடக்கே கோடை முடிஞ்சு மழை வர்றதுக்குள்ள குடும்பத்தை முடிச்சிடும், இலங்கைல ஜனவரிலயே ஆரம்பிச்சிடும். செப்டம்பர்லேருந்து டிசம்பர் வரைக்கும் கோடு போட்ட ஆண் அதிகமா தெரியும்னு பொதுவா வச்சுக்கலாம், காலண்டர் போட்டு வச்சு அடிக்காதீங்க.

ஏன் ஊதாத் தேன்சிட்டு மட்டும் இப்படி மாத்துது, பக்கத்துலயே அதே பூவுல தேன் குடிக்கிற ஊதாப்பிட்டு ஏன் மாத்தலைங்கற கேள்விக்கு விதவிதமா விளக்கம் சொல்லுவாங்க. பளபளப்பு பொண்ணைக் கவரத்தான், வேலை முடிஞ்சா எதுக்கு வீணா வல்லூறு கண்ணுல படணும்னு ஒரு வாதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா அதே வல்லூறுதான ஊதாப்பிட்டையும் பாக்குது? அதனால அதை விளக்கம்னு எடுத்துக்க எனக்கு மனசு வரல, யூகம்னுதான் வச்சிருக்கேன்.

இவ்வளவும் ரெண்டு இனம்தான் இருக்குங்கற கணக்குல சொன்னது. நம்ம பக்கம் மூணாவது ஒருத்தர் இருக்கார், லோட்டன் தேன்சிட்டு, இலங்கைல டச்சுக் கவர்னரா இருந்த லோட்டன் பேரை வச்சது. இவர் ஆணும் கருநீல மினுக்குதான், ஊதாத் தேன்சிட்டுன்னு பதியற படத்துல நிறைய இவர்தான் இருப்பார். அலகைப் பாருங்க, தலையை விட நல்லாவே நீளமா, அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும், ஊதாத் தேன்சிட்டுக்கு அவ்வளவு இருக்காது. வயிறு மினுக்கு இல்லாம மங்கின பழுப்பா இருக்கும், நெஞ்சுல அரக்குப் பட்டை அகலமா தெளிவா தெரியும். பொண்ணுக்கும் அலகுதான் அடையாளம், அதோட ஊதாத் தேன்சிட்டுப் பொண்ணுக்கு இருக்கிற வெளிர் புருவம் இதுக்கு சரியா இருக்காது. லோட்டனோட இளம் ஆணுக்கும் தொண்டைல கருமை வரும், அதனால கோடு போட்டதெல்லாம் ஊதாத் தேன்சிட்டுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அலகை ஒரு தடவை பாத்துடணும். உங்க முதல் படத்துல அலகு பக்கவாட்டுல நல்லா தெரியுது, நீளம் சாதாரணமாதான் இருக்கு, அதனாலதான் ஆரம்பத்துலயே அவ்வளவு அடிச்சு சொன்னேன். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கீங்கன்னா சிறிய தேன்சிட்டுன்னு இன்னொண்ணும் இருக்கு, அங்க மட்டும்தான் இருக்கும், ஊதாப்பிட்டை விடவும் குட்டி, ஆணுக்கு முதுகு நல்ல செஞ்சிவப்பு, பொண்ணுக்கும் பிட்டத்துல அந்த சிவப்பு இருக்கும். சமவெளில இருந்தீங்கன்னா அதை மறந்துடலாம்.

எடமும் ஒரு துப்புதான். ஊதாத் தேன்சிட்டு பாரசீக வளைகுடா பக்கத்துலேருந்து வியட்நாம் வரைக்கும் பரவிக் கிடக்கு. ஊதாப்பிட்டு இந்தியத் துணைக்கண்டத்தோட சரி, அதுலயும் தீபகற்பம், இலங்கை, வங்கப் பக்கம்தான் அதோட ராஜ்ஜியம். உங்க தம்பி ராஜஸ்தான்லேருந்து அனுப்பின படம்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, தொண்டை தெரியல, ஆனா அந்தப் பாலைவன மாவட்டத்துல ஊதாப்பிட்டை நினைக்கவே வேணாம், அது ஊதாத் தேன்சிட்டுப் பொண்ணுன்னு வச்சுக்கலாம். இங்கயே எந்த மாதிரி எடத்துல எது அதிகம்னு கேட்டா, வீட்டுத் தோட்டம், பால்கனித் தொட்டி, தென்னை, முருங்கைன்னு மனுஷங்களை ஒட்டி ஊதாப்பிட்டு அதிகம், முள்ளுக்காடு, வறண்ட புதர்ப் பக்கம் போகப் போக ஊதாத் தேன்சிட்டு கூடும். இது நான் பாத்து வச்சிருக்கிற கணக்கு, சட்டம் இல்ல, உங்க செம்பருத்தியே இதைப் பொய்யாக்கிட்டு இருக்கு.

குரல் பழகிட்டீங்கன்னா பாதி வேலை மிச்சம், ஆனா எழுத்துல சொல்றது கஷ்டம். ஊதாப்பிட்டு பூ பூவா தாவிக்கிட்டே மெல்லிசா, கிறீச்சுனு "ட்சீ ட்சீ"ன்னு ஓயாம கத்தும். ஊதாத் தேன்சிட்டு ஆண் சீசன்ல கரண்ட் கம்பி, மொட்டைக் கிளைன்னு உச்சில போய் உக்காந்து "ச்சீவிட் ச்சீவிட்"னு அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்துல கத்தும். அதுவே கோடு போட்ட உடுப்புல இருக்கும்போது பெருசா பாடாது, அதனால இப்ப உங்களுக்குக் குரல் அவ்வளவா உதவாது, மார்ச்ல கேளுங்க.

கூட்டை வச்சு இனம் சொல்ல முடியுமான்னு கேட்டிருந்தீங்க. முடியாதுன்னுதான் சொல்லுவேன். ரெண்டுமே கிளை நுனிலேருந்து தொங்குற பை மாதிரிதான் கட்டும், சிலந்தி வலையை வச்சு நாரு, காஞ்ச இலை, பட்டைத் துணுக்கு எல்லாத்தையும் ஒட்டும், பக்கவாட்டுல ஓட்டை, அதுக்கு மேல மழை விழாம இருக்க ஒரு சின்னத் தாவாரம். தூரத்துலேருந்து பாத்தா ஏதோ குப்பை தொங்குதுன்னுதான் நினைப்பீங்க, அதுதான் அதோட பாதுகாப்பே. கட்டுறது பொண்ணுதான், ஆண் பெரும்பாலும் கூடவே சுத்திக்கிட்டு இருக்கும். ரெண்டுமே வழக்கமா ரெண்டு முட்டை வைக்கும், பொரிய ரெண்டு வாரம் முன்ன பின்ன ஆகும். அதனால கூட்டுல இனம் தெரியணும்னா கூட்டைப் பாக்காதீங்க, வர்ற பொண்ணோட தொண்டையையும் கூட வர்ற ஆணோட வயித்தையும் பாருங்க, அதுவும் பத்தடி தள்ளி நின்னு. கூட்டுக்குள்ள மொபைலை விட்டுப் படம் எடுக்கிறது, மறைச்சிருக்கிற இலையைக் கிள்ளிப் போடறது இதெல்லாம் வேணாம், காக்காயும் அணிலும் நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைக்கிறது குத்தமும்கூட. ஒட்டடையை ஒண்ணு விடாம அடிச்சுத் தள்ற வீட்டுல கூடு கட்ட சாமான் கிடைக்காதுன்னு நான் சொன்னா வீட்டுல திட்டுதான் கிடைக்கும், ஆனாலும் தோட்டத்துப் பக்கம் கொஞ்சம் விட்டு வைங்க. செடிக்குப் பூச்சி மருந்தும் அடிக்காதீங்க, பெருசுங்க தேன் குடிச்சாலும் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டுது.

நடுவுல ஒருத்தர் ஹம்மிங் பேர்டுன்னு எழுதியிருந்தார், அது அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு, இதுக்கு சொந்தமே இல்ல. அது உழவாரன் குருவிக்குத்தான் நெருங்கின உறவு. தேன்சிட்டும் சில சமயம் பூ முன்னாடி ஒரு நொடி ரெக்கை அடிச்சு நிக்கும், ஆனா உக்கார எடம் கிடைச்சா உக்காந்துதான் குடிக்கும். நீளமான குழாய்ப் பூவா இருந்து அலகு எட்டலைன்னா, பூவோட அடிப்பக்கம் ஓட்டை போட்டு தேனைத் திருடி உறிஞ்சிட்டுப் போயிடும். பூவுக்கு மகரந்த லாபம் எதுவும் கிடையாது. உங்க செம்பருத்தில காம்புப் பக்கம் சின்னக் கீறல் இருக்கான்னு பாருங்க.

கார் கண்ணாடி விஷயம். கொத்துறது ஆணுன்னு எழுதியிருந்தீங்க, ஏப்ரல்லதான் அதிகம்னும் சொல்லியிருக்கீங்க, ரெண்டும் பொருந்துது. கூடு கட்டுற சமயத்துல தன் எல்லைக்குள்ள வேற ஆண் வந்துட்டான்னு நினைச்சு பிம்பத்தோட சண்டை போடுது, பைத்தியமும் இல்ல, தாகமும் இல்ல. ரெண்டு இனமும் இதைச் செய்யும், அதனால இதை வச்சும் இனம் பிரிக்க முடியாது. பக்கக் கண்ணாடிக்கு ஒரு துணிப் பையை மாட்டி கட்டிடுங்க, இல்லைன்னா மடக்கி விடுங்க. வீட்டு ஜன்னல்னா வெளிப்பக்கம் பேப்பர் ஒட்டுங்க, உள்பக்கம் திரை போட்டா பிம்பம் போகாது, சில சமயம் இன்னும் தெளிவாக்கூட தெரியும். சீசன் முடிஞ்சதும் தானா நிறுத்திடும். அடுத்த தடவை கொத்த வரும்போது வயித்தை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்க, அது கருப்பா மஞ்சளான்னு பாத்து யாருன்னு சொல்லிடறேன்.